மலிவான காணி, மலிவான கூலி: வன்னிக்கு முதலீடு ஏன் வருவதில்லை?

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். போன வருடம் ஒரு வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து நாலு பேர் வந்து எங்கள் பக்கத்தில் 40 ஏக்கர் காணி பார்த்தார்கள். காணி மலிவு, கூலி மலிவு, வரிச்சலுகை இருக்கிறது என்று எல்லாம் சொன்னோம். இளநீர் குடித்துவிட்டுப் போனவர்கள் பிறகு ஒரு மின்னஞ்சல்கூடப் போடவில்லை. அடுத்த மாதம் இன்னொரு குழு வருகிறதாம். அவர்களுக்குக் கொடுக்க ஒரு கோப்புத் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பின்தங்கிய இடங்களுக்கு வெளிநாட்டு முதலீட்டாளர்கள் எதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்? கோப்பில் எதைப் போடவேண்டும்? இன்னொன்று: டொரொன்டோவில் இருக்கும் என் மச்சான் ஒரு கனேடிய நண்பரோடு சேர்ந்து இங்கே காசு போட விரும்புகிறார். முதலில் காணி வாங்கிப்போடட்டுமா என்று கேட்கிறார். என்ன சொல்லலாம்?

பதில்:

தம்பி, நீங்கள் அவர்களிடம் சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஏனென்றால் மூன்றுமே பங்களாதேஷிலும் எத்தியோப்பியாவிலும் அவர்கள் ஏற்கனவே கேட்டுவிட்டு வந்தவைதான்.

முதலில் கூலி. மலிவு என்று சொன்னீர்கள். இலங்கையில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஆகக்குறைந்த சம்பளம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 2025 இல் அது 27,000 ரூபாவாக உயர்ந்தது. கட்டுநாயக்காவில் கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த தொகையைத்தான் கண்டாவளையிலும் கொடுக்கவேண்டும். கொழும்புப் பக்கம் போட்டிக்கு ஆள் பிடிப்பதால் நடைமுறைச் சம்பளம் அங்கே கூடுதல், அது உண்மை. ஆனால் இங்கே பிள்ளைகளை ஊர் ஊராகப் போய் ஏற்றி இறக்க பஸ் விடவேண்டும், தையல் இயந்திரத்தையே தொட்டுப் பார்க்காதவர்களுக்கு மாதக்கணக்கில் பழக்கவேண்டும், மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியவேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்க்கும் கணக்காளருக்கு உங்கள் மலிவு மலிவாகத் தெரியாது.

இரண்டாவது வரி. 2017 ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, முதலீட்டுக்கான மூலதனக் கழிவில் வடமாகாணத்துக்கென்று தனிச்சலுகை வைத்தது. மற்ற மாகாணங்களில் போட்ட தொகையில் 100 சதவீதத்தைக் கழிக்கலாம் என்றால், வடக்கில் 200 சதவீதம். அதாவது பத்துக் கோடி போட்டால் இருபது கோடியை இலாபத்தில் கழித்துவிட்டுத்தான் வரி. தாளில் பார்த்தால் இதைவிடத் தாராளமாக யாராலும் கொடுக்கமுடியாது. அதற்காக ஏ9 வீதியில் கம்பனிகள் வரிசையில் நிற்கவில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. இலாபம் வந்தால்தான் இந்தச் சலுகைக்குப் பெறுமதி. இலாபம் வருமா என்ற சந்தேகத்தில் இருப்பவருக்கு, வராத இலாபத்தின் மேல் வரி கிடையாது என்று சொல்லி என்ன பயன்?

உலக வங்கி 2017 இல் பன்னாட்டு நிறுவனங்களின் நிர்வாகிகள் 754 பேரிடம், நாட்டைத் தெரிவு செய்யும்போது எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டது. அரசியல் உறுதிப்பாடு, பாதுகாப்பு, சட்ட ஒழுங்குகளின் தன்மை, உள்ளூர்ச் சந்தையின் அளவு ஆகியவை மேலே வந்தன. குறைந்த வரியும் மலிவுக் கூலியும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் இருந்தன. காணி கிடைப்பது அதையும்விடக் கீழே இருந்தது. அதைப் பார்த்துக் காணி முக்கியமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற ஊர்களில் காணி ஒரு பிரச்சினையாக எழுவதில்லை, அதனால் அது கீழே போனது என்பது என் எண்ணம். வன்னியில் நிலைமை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வருகிறவர் என்ன தேடி வருகிறார் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஜோன் டனிங் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் போட்டுத்தந்த வகைப்பாடு இன்னும் பயன்படுகிறது: சந்தையைத் தேடி வருபவர், வளத்தைத் தேடி வருபவர், செலவும் திறனும் சரியாகப் பொருந்தும் இடத்தைத் தேடி வருபவர். நாலாவதாக, தொழில்நுட்பத்தையோ பெயர்பெற்ற ஒரு கம்பனியையோ வாங்க வருபவர் என்றும் ஒரு வகை உண்டு. அது நமக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சந்தை என்று பார்த்தால், 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலு மாவட்டத்தையும் கூட்டினாலும் ஐந்து லட்சம் வரவில்லை. கையில் காசும் குறைவு. நமக்கு விற்பதற்காக யாரும் இங்கே ஆலை போடமாட்டார்கள். கோப்பில் இதற்கு ஒரு பக்கத்தையும் வீணாக்காதீர்கள்.

வளம் தேடி வருபவர் அப்படியில்லை. அவரை நீங்கள் கூப்பிடவே தேவையில்லை, காற்றும் மணலும் கடலும் எங்கே இருக்கிறதோ அங்கே அவராகவே வருவார். மன்னாரில் காற்று இருக்கிறது. 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி, 103.5 மெகாவாட், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் மின்சார சபை தானே கட்டியது. அதன் பிறகு அதானி கிறீன் எனர்ஜி மன்னாரிலும் உங்கள் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட்டுக்கு 442 மில்லியன் டொலர் போட வந்தது. 2023 பெப்ரவரியில் முதலீட்டுச் சபை அனுமதியும் கொடுத்தது. ஆனால் திறந்த கேள்விப்பத்திரம் இல்லாமல் வந்த திட்டம் என்ற குறை ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டது. ஒரு அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் அதிகம் என்ற வாதம் எழுந்தது. வலசை வரும் பறவைகளின் பாதையில் காற்றாலை வைப்பதாகச் சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். ஆட்சி மாறியது, விலையைத் திரும்பப் பேசவேண்டும் என்று புதிய அரசு சொன்னது, 2025 பெப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது.

இதை வைத்து முதலீட்டாளரை விரட்டிவிட்டோம் என்று சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பக்கமும் இல்லை, கொண்டாடிய பக்கமும் இல்லை. அவசரமாக, கதவை மூடிக்கொண்டு செய்த ஒப்பந்தம் அடுத்த ஆட்சியில் நிற்காது என்பது முதலீட்டாளருக்கும் தெரியும். ஒழுங்காகக் கேள்விப்பத்திரம் போட்டு, ஊரைக் கேட்டு, சூழல் அறிக்கையைக் காட்டிக் கொடுத்திருந்தால் கொஞ்சம் தாமதமாகியிருக்கும், நின்றிருக்கும். மன்னார்த் தீவில் கனிய மணல் தேடும் அவுஸ்திரேலியக் கம்பனிக்கு எதிராகவும் காற்றாலைகளுக்கு எதிராகவும் சனம் வீதியில் இறங்கியதையும், கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள கடலட்டைப் பண்ணைக்கு மீனவர்கள் எதிர்ப்புக் காட்டியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வளம் தேடி வருபவர் விஷயத்தில் உங்கள் வேலை ஈர்ப்பது இல்லை, பேரம் பேசுவது. காற்றாலை கட்டும்போதுதான் ஆட்கள் தேவை, கட்டி முடிந்தபிறகு அதைப் பார்த்துக்கொள்ளச் சிலர் போதும். எனவே வேலைவாய்ப்பு என்று அவர் சொல்லும் எண்ணிக்கையைக் கட்டுமான காலம், அதற்குப் பிந்திய காலம் என்று இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஊருக்கு ஆண்டுதோறும் என்ன வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மிச்சம் இருப்பது மூன்றாவது வகை. தைப்பவர், பொதி செய்பவர், நண்டு உடைத்து ஏற்றுமதி செய்பவர், காலணி செய்பவர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கொடுப்பவர் இவர்தான். தேடி அலைந்து பிடிக்கவேண்டியவரும் இவர்தான், ஏனென்றால் இவருக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

இந்த வகை ஆட்கள் பின்தங்கிய கிராமங்களுக்கு எப்போது போனார்கள் என்று நம் நாட்டுக் கதையிலேயே பார்க்கலாம். 1978 இல் கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயம் தொடங்கியபோது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்துக்கு எட்டும் தூரத்தில்தான் தொடங்கினார்கள். 1992 இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கொண்டுவந்தார். கிராமங்களுக்குப் போ என்று சொன்னார், பலர் போனார்கள். சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போனார்கள் என்று நினைக்காதீர்கள். அப்போது அமெரிக்காவுக்கு உடுப்பு அனுப்ப கோட்டா, அதாவது இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற ஒதுக்கீடு, வேண்டும். தூரத்துக் கிராமத்தில் ஆலை போட்டால் கோட்டா கூடுதலாகக் கிடைக்கும். வேறு எங்கும் வாங்கமுடியாத ஒன்றை அரசு கையில் வைத்திருந்து, தூரத்துக்குப் போனவருக்குக் கொடுத்தது. 2004 முடிவில் உலகம் முழுவதும் கோட்டா முறை ஒழிந்ததோடு அந்த ஈர்ப்பும் போனது. அப்படிப் போன ஆலைகளில் பல பிறகு மூடப்பட்டன. நம் பக்கம் அந்தக் காலத்தில் யுத்தம், எனவே நமக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

2009 க்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்த எம்.ஏ.எஸ். வானவில் ஆடைத் தொழிற்சாலையை உங்களுக்குத் தெரியும், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலை செய்வார்கள். அது வெளிநாட்டு முதலீடு இல்லை, இலங்கைக் கம்பனி. வவுனியாவில் ஆலை போட்ட ஒமேகா லைன் இத்தாலியின் கல்செடோனியா (இப்போது ஒனிவெர்ஸ்) குழுமத்துடையது, ஆனால் அதுவும் ஏற்கனவே பல வருடம் இந்த நாட்டில் ஆலை நடத்தி, இங்கத்தைய சுங்கத்தையும் தொழிற்சட்டத்தையும் கரைத்துக் குடித்த கம்பனி. மேல்மாகாணத்தில் தைக்க ஆள் கிடைக்கவில்லை, விளம்பரம் போட்டும் கதிரை காலியாகவே கிடந்தது. ஆள் இருக்கும் இடத்தைத் தேடி வடக்கே வந்தார்கள்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இதுதான். பின்தங்கிய பகுதிக்கு, நாட்டையே தெரியாத வெளிநாட்டுக்காரர் முதலில் வருவது மிக அபூர்வம். ஏற்கனவே நாட்டில் இருப்பவர் இரண்டாவது, மூன்றாவது ஆலைக்கு வருவார். அவர் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால் அவரைப் பார்த்து வெளியிலிருந்து அடுத்தவர் வருவார். நீங்கள் இளநீர் கொடுத்த நாலு பேரும் கொழும்பில் யாரிடமாவது, வடக்கில் ஆலை நடத்துகிறீர்களே எப்படி என்று கட்டாயம் கேட்டிருப்பார்கள். உங்கள் கோப்பைவிட அந்தப் பதில்தான் அவர்களைப் போகவோ வரவோ வைத்திருக்கும். ஆகவே அடுத்த குழு வருமுன் இங்கே இருக்கும் ஆலை முகாமையாளர் ஒருவரைச் சந்தித்து, எங்களால் தீர்க்கக்கூடிய உங்கள் பிரச்சினை என்ன என்று கேளுங்கள். அதிகாலை முறைக்கு வரும் பிள்ளைகளுக்கு உள்வீதியில் வெளிச்சம் இல்லை என்பார், மழைக்காலத்தில் பஸ் போகாத மதகு ஒன்றைச் சொல்வார். அவை பிரதேச சபையால் ஆகக்கூடியவை. செய்து கொடுங்கள். அடுத்த விருந்தாளியை அவரிடமே கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, இனி காணி. இங்கேதான் உங்கள் நாலு பேரும் தொலைந்துபோயிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

40 ஏக்கர் என்று காட்டினீர்களே, அதன் பத்திரங்களை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வன்னியில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, அல்லது அளிப்புப் பத்திரக் காணி. பத்திரக்காரர் அதை நினைத்தபடி விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. நான் பார்க்கும் கோப்புகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா இடப்பெயர்வில் செத்துப்போயிருப்பார். பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி யாருக்கு, என்று பெயர் போடவேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். மூத்த மகன் பிரான்ஸில், இரண்டாமவரைக் காணவில்லை, மரணச் சான்றிதழும் எடுக்கவில்லை, மகள் இங்கே இருந்து செய்கை பண்ணுகிறா. வரைபடத்தில் வடக்கு எல்லை ஒரு பாலைமரம் என்று இருக்கும், மரம் ஷெல் விழுந்து போய்விட்டது. பக்கத்துத் துண்டில் வனத்திணைக்களம் கல் நட்டிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது யாருடைய காணி என்று தெரியும். கொழும்பு ஏழில் இருக்கும் முதலீட்டாளரின் சட்டத்தரணிக்குத் தெரியாது. அவர் பழைய உறுதியிலிருந்து தொடர்ச்சியாக உரிமை வரலாறு கேட்பார், கிடைக்காது, எதிர்மறையாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் கட்டணத்தை வாங்கிக்கொள்வார். அதோடு கதை முடிந்தது.

அரசகாணி என்றால் லேசு என்று நினைப்பீர்கள். நீண்டகாலக் குத்தகைக்கு, பொதுவாக 30 ஆண்டு, பிரதேச செயலகத்தில் தொடங்கும் கோப்பு மாகாணக் காணி ஆணையாளர், காணி ஆணையாளர் நாயகம், அமைச்சர் என்று ஏறி இறங்கவேண்டும். நடுவில் வனம், வனசீவராசிகள், தொல்பொருள் என்று ஒவ்வொரு திணைக்களமும் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தரவேண்டும். இதற்கிடையில் 2025 மார்ச்சில் வடக்கில் ஏறக்குறைய 5,900 ஏக்கருக்கு உரிமை கோராவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் ஒரு வர்த்தமானி வந்தது. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அதில் இருந்தன. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, அரசு அதைத் திரும்பப் பெற்றது. நமக்கு அது வாழ்வுப் பிரச்சினை. தூரத்தில் இருந்து பார்க்கும் முதலீட்டாளர் வேறு மாதிரி வாசிப்பார்: சில மாதத்துக்குள் காணியின் நிலை இப்படி இரண்டுதரம் மாறும் இடத்தில் என் கொங்கிரீட்டை ஊற்றலாமா என்று.

ஆகவே கோப்பில் 40 ஏக்கர் போடவேண்டாம். ஐந்து ஏக்கர் போடுங்கள், பத்து ஏக்கர் போடுங்கள். ஆனால் அதற்கு அளவையாளரின் புதிய வரைபடம், உரிமைத் தொடர்ச்சி, திணைக்களங்களின் ஆட்சேபனையின்மைக் கடிதங்கள் எல்லாம் இணைத்திருக்கட்டும். கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமாக நெற்களஞ்சியம், பழைய அரிசி ஆலை என்று உறுதியுள்ள காணி ஏதும் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். ஊரின் மேய்ச்சல் தரையை மட்டும் வெற்றுக்காணி என்று யாருக்கும் காட்டிவிடாதீர்கள். மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த நாளே கச்சேரி வாசலில் நிற்பார்கள், அவர்கள் நிற்பதும் நியாயம்தான். காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயம் அமைப்பதாக அரசு அறிவித்திருப்பதும் இந்தக் காணிச் சிக்கலைத் தாண்டத்தான். பரந்தன் உங்களுக்குப் பக்கம். வலயம் எழுந்தால் பெரிய ஆலையை அங்கே அனுப்பிவிட்டு, அதற்கு வேண்டிய ஆட்களையும் பொருளையும் கொடுக்கும் இடமாக உங்கள் ஊர் இருக்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

பரந்தன் என்றதும் நினைவு வருகிறது. அங்கே இரசாயனத் தொழிற்சாலை சும்மா வந்து குந்தவில்லை. ஆனையிறவு உப்பு பக்கத்தில், அதிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும். ரயில் பாதையும் பக்கத்தில். ஐம்பதுகளில் யாரோ கணக்குப் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு உங்கள் கோப்பில் இருக்கவேண்டும்: இங்கே என்ன விளைகிறது, எந்த மாதம், எத்தனை தொன், இப்போது யார் வாங்கிக்கொண்டு போகிறார்கள். விசுவமடுப் பக்கத்து நிலக்கடலை, இரணைமடுவுக்குக் கீழே நெல், பூநகரிக் கடலில் நீலக்கால் நண்டு, பால். சங்கத்தின் கொள்வனவுப் பதிவேட்டில் ஐந்து வருடக் கணக்கு இருக்குமே, அதை அப்படியே எடுத்துப் போடுங்கள். வளமான மண், கடின உழைப்பாளிகளான மக்கள் என்று எழுதிய எந்தப் பக்கத்தையும் அவர்கள் வாசிப்பதில்லை, பதிவேட்டை வாசிப்பார்கள்.

மின்சாரத்தைப் பற்றி வந்தவர் நிச்சயம் கேட்பார். இருக்கிறது என்று சொன்னால் போதாது. எந்த மின்மாற்றி, எத்தனை கிலோவோல்ட் அம்பியர் எடுக்கலாம், போன வருடம் எத்தனை மணித்தியாலம் நின்றது என்று மின்சார சபைப் பொறியியலாளரிடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். குளிரூட்டி வைத்து மீன் பதப்படுத்துபவருக்கு நாலு மணித்தியால இருட்டு என்றால் ஒரு கொள்கலன் சரக்கு நாசம். தண்ணீரும் அப்படித்தான். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்து, கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். குளத்துத் தண்ணீரைக் காட்டி ஆலையைக் கூப்பிடாதீர்கள், போகச் செய்கைக்குத் தட்டுப்பாடு வந்த வருடம் முதல் சண்டை உங்களோடுதான் வரும்.

தூரம் பற்றி நீங்கள் கவலைப்படுவீர்கள். கிளிநொச்சியிலிருந்து கொழும்புத் துறைமுகம் சுமார் 330 கிலோமீட்டர். பின்னேரம் புறப்படும் லொறி விடியுமுன் போய்விடும். ரயில் 2013 செப்டெம்பரிலேயே கிளிநொச்சிக்குத் திரும்பிவிட்டது. உடுப்புக்கு இந்தத் தூரம் தாங்கும். மூலப்பொருள் வர ஒரு தடவை, செய்த பொருள் போக ஒரு தடவை என்று லொறி ஏறவேண்டிய பாரமான சரக்குக்குத் தாங்காது. எந்தச் சரக்கு என்று தெரியாமல் பொதுவாகத் தூரம் ஒரு தடை என்று சொல்வதில் பொருளில்லை.

தமிழ்நாட்டில் செய்யாறைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவண்ணாமலை மாவட்டம், மழையை நம்பின விவசாயம், சென்னைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கே தைவானின் பெங் டே குழுமம் லோட்டஸ் என்ற பெயரில் காலணி ஆலை போட்டு நைக்கிக்குச் செருப்புச் செய்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பான்மை சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். வந்ததற்குக் காரணம், சிப்காட் என்ற அரச நிறுவனம் காணியைக் கையில் எடுத்து, வீதி, தண்ணீர், மின்சாரம் போட்டு வைத்திருந்தது. சென்னைத் துறைமுகம் எட்டும் தூரம். ஊர்ப் பெண்கள் வேலைக்கு வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் அதே செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் எடுக்கப்போனபோது, 2023 இல் மேல்மா விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள், அவர்களில் சிலர்மீது விசாரணையின்றிச் சிறைவைக்கும் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஆலை வேண்டும், நிலமும் வேண்டும் என்ற சிக்கல் நமக்கு மட்டும் உரியது இல்லை.

ஆட்கள் பக்கம் ஒரு சொல். வன்னியில் இப்போது ஒன்று நன்றாக இருக்கிறது, அதை நாம் சொல்வதேயில்லை. அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. வவுனியாவுக்கு 2021 இல் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. இயந்திரம் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கவேண்டுமா என்பது எந்த முகாமையாளரும் கேட்கும் கேள்வி. இல்லை, பத்து நிமிடத்தில் ஆள் வரும் என்று சொல்லக்கூடிய இடம் உங்களுடையது. பயிற்சி நிலையத்திலிருந்து வருடம் எத்தனை பேர், எந்தத் துறையில் வெளியே வருகிறார்கள் என்ற விபரத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

வருகிறவரிடம் நீங்களும் கேளுங்கள். எத்தனை மாதத்தில் கட்டி முடிப்பார், முடிக்காவிட்டால் காணி திரும்ப வருமா, முதல் மூன்று வருடத்தில் மேற்பார்வையாளராக எத்தனை உள்ளூர்க்காரர், பெண்களுக்கு இரவு முறை உண்டா, கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழும். உண்மையான முதலீட்டாளர் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார், அவருடைய வங்கியும் இதைத்தான் கேட்கும். காணியைக் கையில் போட்டுக்கொண்டு விலை ஏறும்வரை இருக்க வந்தவர்தான் முகம் சுழிப்பார்.

உங்கள் மச்சான் விஷயம். காணி வாங்கிப்போடுவதில் தொடங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கும், பாதி அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குள்ள கம்பனிக்கும் காணியை உறுதி எழுதி விற்கமுடியாது, சில விதிவிலக்குகளோடு குத்தகைக்குத்தான் எடுக்கலாம், அது 99 ஆண்டு வரை போகும். மச்சான் கனேடியப் பிரஜையாகி, இங்கே இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை என்றால் அவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். சகோதரி பெயரில் வாங்கிவிடலாம் என்று யோசிப்பார். நண்பர் போட்ட பாதிக் காசுக்கு அப்போது எந்த எழுத்தும் இருக்காது, நாளைக்குக் குடும்பத்துக்குள்ளும் கரைச்சல், நட்புக்குள்ளும் கரைச்சல்.

காசு அனுப்பும் வழியும் முக்கியம். உங்கள் கணக்குக்கோ தங்கச்சியின் கணக்குக்கோ போட்டு, இங்கே எடுத்துச் செலவழிக்கவேண்டாம். இலங்கையில் ஒரு வர்த்தக வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு திறந்து, டொலர் அதன் வழியாக உள்ளே வரட்டும், கம்பனியின் பங்கு அதிலிருந்து வாங்கப்படட்டும். அப்படி வந்த காசையும் அதன் இலாபத்தையும்தான் பிறகு சட்டப்படி வெளியே கொண்டுபோகலாம். 2022 இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றபோது டொலர் வெளியே போகக் கஷ்டப்பட்டது மச்சானுக்கும் நினைவிருக்கும், கனேடிய நண்பர் முதலில் கேட்கப்போவதும் அதுதான். அவருக்கு அந்தக் கணக்கைக் காட்டலாம்.

தொகை சிறிதென்றால் புதுக்கட்டடம் எழுப்பாமல் உங்கள் சங்கத்தின் களஞ்சியத்தைக் குத்தகைக்கு எடுத்து, கடலை தரம்பிரித்துப் பொதி செய்வதுபோல் ஏதாவது ஒன்றில் ஒரு போகம் பார்க்கச் சொல்லுங்கள். குத்தகைப் பத்திரத்தை நொத்தாரிசு முன் எழுதி, சங்கப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிவிட்டுக் கைச்சாத்திடுங்கள். நீங்கள் செயலாளர், அவர் உங்கள் மச்சான் என்பதால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் வாக்களிக்காமல் இருப்பது நல்லது. அதையும் கூட்டக்குறிப்பில் பதிவு செய்துவிடுங்கள்.